கல்யாணமான முதல் வருஷத்தில் கடனை அண்டவிடாமல் இருப்பது எப்படி

போன ஈஸ்டர் முடிந்து இரண்டாம் ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண் என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். தண்டல் அட்டை, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்க்கிற கடனுக்கானது. நூறு கட்டங்கள். முதல் 37 கட்டங்களில் பேனாக் கிறுக்கல். ஓரமெல்லாம் வியர்வையில் நைந்து போயிருந்தது. "அவங்களுக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

நாத்தனார் வீட்டு விசேஷத்தில் செய்முறை குறையக் கூடாது என்று வாங்கியிருக்கிறாள். இரண்டு வாரம் கழித்து அவள் கணவர் என் கணவரைத் தேடி வந்தார். போன் ஆப்பில் 15,000 ரூபாய் கடன். "அவளுக்குத் தெரிய வேணாம்ணே." விசாரித்தால் அதுவும் அதே விசேஷத்துக்குத்தான். ஒரே வீட்டில் ஒரே செலவுக்கு இரண்டு கடன், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

மதுரையில் பசுமலைப் பக்கம் எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கை 11 வருஷமாக நான்தான் எழுதுகிறேன். புதுக் குடும்பங்கள் கடனில் மூழ்குவதற்கு முக்கியக் காரணம் மறைப்புதான் என்று இந்த வருஷங்களில் எனக்குத் தெளிவாகியிருக்கிறது. வீட்டில் தெரிந்த கடனை இரண்டு பேரும் சேர்ந்து நாலைந்து மாதத்தில் அடைத்துவிடுவார்கள். தெரியாத கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்க வேண்டிவரும். அதனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாப் படிகளும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை.

வெட்கத்தை முதலில் இறக்கி வையுங்கள்

"விசுவாசி வீட்டில் கடனா" என்று யாராவது கேட்பார்களோ என்ற பயம்தான் வாயை அடைக்கிறது. 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தைத் திறந்து முதல் ஏழு வசனங்களை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். அங்கே கடன்பட்டுச் செத்துப்போனவர் தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவர், கர்த்தருக்குப் பயந்து நடந்தவர். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வாசலில் நிற்கிறான். அந்த விதவை எலிசாவிடம் வந்து முறையிட்டபோது அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது.

கடைசியில் அவர் சொன்னதன் வரிசையையும் பாருங்கள். எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு பிழைத்துக்கொள் என்றார். நம்மில் பெரும்பாலோர் முதலில் சாப்பிட்டு, உடுத்தி, ஊர் முறைகளைச் செய்து, மீந்தால் கடனைக் கட்டுகிறோம். மிஞ்சவே மிஞ்சாது.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். போனில் எழுதினால் ஒருவர் போனில் மட்டும் இருக்கும், அதனால் காகிதம்தான் நல்லது. இரண்டு பேரும் கையில் எடுக்கிற இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அரிசி டின்னுக்கு மேலே இருக்கிறது.

முதல் பக்கத்தில், வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இருவர் சம்பளம், கையில் இருக்கும் ரொக்கம், வங்கியில் இருப்பது, நகை எத்தனை கிராம், அதில் அடகில் எத்தனை, கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, யாராவது நமக்குத் தர வேண்டிய கைமாற்று. நீதிமொழிகள் 27:23, "உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள்" என்கிறது. நம்முடைய ஆடுகள் இவைதான்.

இரண்டாம் பக்கத்தில் கடன்கள். ஒவ்வொன்றுக்கும் யாரிடம், எவ்வளவு வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, இன்னும் எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு போகிறது, என்ன வட்டி, எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மளிகைக்கடை நோட்டில் இருக்கும் பாக்கியும் கடன்தான். அம்மாவிடம் வாங்கிய 5,000-மும் கடன்தான். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியதையும் விடாதீர்கள்.

இந்தப் பக்கத்தை எழுதுகிற ராத்திரி கஷ்டமாக இருக்கும். நான் மேலே சொன்ன தம்பதியை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். தண்டல் அட்டையை அவள் மேசையில் வைத்தாள். அவர் போனைத் திறந்து ஆப்பைக் காட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் கணவர் காபி போட எழுந்து போனார். அவர் திரும்பி வந்தபோது அந்தப் பெண் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தாள். கூட்டிப் பார்த்ததில் 71,400 வந்தது. "இவ்வளவுதானா" என்று அவர் கேட்டார். மனசுக்குள் அதைவிடப் பெரிய தொகையைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஒருவர் உண்மையைச் சொல்லும்போது மற்றவர் சத்தம் போடக் கூடாது. இதை ஜெபித்து முன்கூட்டியே ஒப்புக்கொண்டு உட்காருங்கள். அன்றைக்குச் சத்தம் போட்டால் அடுத்த கடன் நிச்சயம் மறைக்கப்படும்.

வட்டியை வருஷக் கணக்குக்கு மாற்றுங்கள்

நம் ஊரில் "ஒரு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். வருஷத்துக்கு 12 சதவீதம். "மூணு வட்டி" 36, "அஞ்சு வட்டி" 60. வங்கிக்காரர் வருஷக் கணக்கிலும், தெருவில் கொடுப்பவர் மாதக் கணக்கிலும் சொல்வதால் "வங்கியில் பத்து, இவரிடம் மூணுதானே" என்று ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். மாதக் கணக்கில் சொல்வதை எல்லாம் 12-ஆல் பெருக்கி, எல்லாக் கடனின் வட்டியையும் வருஷக் கணக்கில் ஒரே பத்தியில் எழுதுங்கள்.

தண்டல் கணக்கு இன்னும் மோசம். வழக்கமாக 10,000 என்று பேசி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500-தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை, மறுநாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சரியாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய பத்து வட்டி, வருஷத்துக்கு 120 சதவீதம் வருகிறது. பூ வியாபாரத்துக்கும் காய்கறி வண்டிக்கும் அன்றன்றைய முதலுக்காக இதை வாங்கித் தவிக்கிறவர்கள் மாட்டுத்தாவணியில் இருக்கிறார்கள். அவர்கள் நிலைமை வேறு. செய்முறைக்கும் துணிமணிக்கும் தண்டல் வாங்குவதை எந்த வகையிலும் என்னால் ஏற்க முடியவில்லை.

கிரெடிட் கார்டில் முழுத் தொகையைக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், பல கார்டுகளில் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வரை வட்டி ஓடும். வருஷத்துக்கு 42, அதன்மேல் ஜிஎஸ்டி. தவணைக்கு வண்டி எடுக்கும்போது "ஃபிளாட் ரேட் பத்து" (பாக்கி குறையக் குறைய வட்டி குறையாது, வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி) என்று சொன்னால், அது உண்மையில் 18 சதவீதத்தை ஒட்டி வரும் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

எதை முதலில் அடைப்பது

சின்னக் கடனை முதலில் அடைத்தால் தெம்பு வரும் என்று சிலர் சொல்வார்கள். வட்டி எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற ஊரில் அது சரியாக இருக்கலாம். இங்கே பத்து வட்டிக்கும் வங்கி நகைக்கடனுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பதால், வட்டி அதிகமானதைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவற்றுக்கு அந்தந்த மாதத் தவணையை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டு, மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயையும் உச்சத்தில் இருக்கும் கடனில் போடுங்கள். அது முடிந்ததும் அதே பணத்தை அடுத்ததற்குத் திருப்புங்கள்.

அப்புறம், குடத்து எண்ணெய். அந்தத் தம்பதி வீட்டில் போடாமலே கிடந்த ஒரு ஜோடி வளையல் இருந்தது. வங்கியில் வைத்து, கிடைத்த பணத்தில் ஆப் கடனையும் தண்டலையும் அன்றே முடித்தார்கள். இப்போது ஒரே கடன், வட்டியும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகையை வைக்கும்போது திருப்ப வேண்டிய கடைசித் தேதியை நோட்டின் அட்டையிலேயே எழுதுங்கள். தேதி தாண்டினால் ஏலத்துக்குப் போகும். ஒரு வருஷத்தில் திருப்ப வழியே இல்லை என்று தெரிந்தால் அடகு வைப்பதைவிட விற்றுவிடுவதுதான் நல்லது. தெற்கு ஆவணி மூல வீதியில் இரண்டு மூன்று கடைகளில் எடையும் விலையும் கேட்டுவிட்டு விற்கலாம். தாய்வீட்டு நகையை விற்பது மனசை அறுக்கும். மூன்று வருஷம் வட்டி கட்டி, கடைசியில் அது ஏலத்தில் போனதைப் பார்த்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

சொந்தக்காரரிடம் வாங்கிய வட்டியில்லாக் கடன் கணக்கில் கடைசியாக வரும். ஆனால் அவர்களைத் தவிர்த்து ஓடக் கூடாது. நேரில் போய், "மாமா, இப்போ முடியல, ஆகஸ்ட் மாசத்துல இருந்து மாசம் 1,000 குடுத்துர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்ன மாதத்தில் கொடுங்கள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" பேசச் சொன்ன கர்த்தரின் பிள்ளைகளிடம் அவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். சங்கீதம் 37:21, கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறவனைத் துன்மார்க்கன் என்றே சொல்கிறது.

செய்முறையும் வருஷச் செலவுகளும்

மாதச் செலவை எழுதுகிறவர்கள்கூட இதில்தான் விழுகிறார்கள். வாடகை, மளிகை, பால், கேஸ் என்று எழுதி 2,000 மிச்சம் என்று சந்தோஷப்படுவார்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். ஜூனில் பள்ளிக்கூடம். வண்டி இன்சூரன்ஸ். வருஷச் சந்தா. டிசம்பரில் விளக்குத்தூண் பக்கம் போய்த் துணி எடுத்தால் ஒரே நாளில் ஒரு மாதச் சம்பளம். இவை எல்லாம் வரும் என்று முன்பே தெரிந்த செலவுகள். ஜனவரியிலேயே ஒரு தாளில் எழுதி, கூட்டி, 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனியாக எடுத்து வைத்தால் கிறிஸ்மஸுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு) தொடங்கலாம், ஆனால் அது ஐந்து வருஷக் கணக்கு. ஒரு வருஷத்துக்கு என்றால் வங்கியில் 12 மாத ஆர்.டி. போடுங்கள்.

செய்முறைக்குத் தனி வரி வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்னும் தவக்கால நாட்களில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் பத்திரிகைகள் வரிசையாக வந்து விழும். அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்ப்பவர் வீட்டு முகூர்த்தங்கள் ஆவணியிலும் தையிலும் வரும். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துச் சொந்தம் இருந்தால் காதுகுத்து, வீடு பால்காய்ச்சு எல்லாவற்றுக்கும் முறை உண்டு. மொய் நோட்டை எடுத்து உங்கள் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பாருங்கள். அதுவும் திருப்ப வேண்டிய தொகைதான், ஆனால் அதே தொகையைத்தான் திருப்ப வேண்டும். "அவங்க 500 எழுதினாங்க, நாம 2,000 எழுதினாத்தான் மரியாதை" என்பதில்தான் அந்தப் பெண் மாட்டினாள். முடியாதபோது நேரத்தோடு போய், பந்தியில் பரிமாறி, பாத்திரம் கழுவிவிட்டு வாருங்கள். என் மகன் ஆலயத்தில் திடப்படுத்தல் எடுத்த விசேஷத்தன்று பணம் எழுதாமல் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற பெண்ணைத்தான் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

காணிக்கை

கடன் இருக்கும்போது காணிக்கை கொடுக்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். கொடுங்கள், கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். 2 கொரிந்தியர் 8:12-ல் பவுல் தெளிவாக எழுதியிருக்கிறார்: "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும்." எங்கள் பாட்டி காலத்தில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோவார்கள். இருக்கிற அரிசியிலிருந்து எடுத்த பிடி அது.

காணிக்கையாக வந்த பொருட்களைச் சபையில் ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் இதை மறந்துவிடுகிறோம். ஒரு பூசணிக்காய், ஒரு சேவல், மைக்கில் பேர் சொல்கிற சந்தோஷத்தில் 3,000, 4,000 என்று ஏறும். போகும் முன்பே அன்றைக்கு எவ்வளவு என்று இருவரும் பேசி முடிவு செய்து, அந்த ரொக்கத்தை மட்டும் எடுத்துப் போங்கள். "அடுத்த மாசம் தர்றேன்" என்று எழுதிவைத்துவிட்டு, கொடுக்க முடியாமல் ஆலயத்துக்கே வராமல் நின்றுபோன ஒரு குடும்பத்தை நாங்கள் வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டியிருந்தது.

ஜாமீன் கையெழுத்து

என் கணவர் ஒருமுறை போட்டார். கூட வேலை பார்த்தவர், நல்ல மனுஷன், மனைவிக்கு ஆபரேஷன். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்றார்கள். ஐந்து தவணைக்கு அப்புறம் அவர் ஊரைவிட்டே போய்விட்டார். அதற்குப் பிறகு 14 மாதம் எங்கள் சம்பளத்திலிருந்து 3,200 போனது. என்னிடம் என் கணவர் சொன்னது மூன்றாவது மாதம்தான். அந்த இரண்டு மாத மௌனம் பணத்தைவிட அதிகமாக எங்களை வருத்தியது.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன் போட்டவருக்குக் கடன் வாங்கியவருக்குச் சமமான பொறுப்பு உண்டு. நீதிமொழிகள் 6-ம் அதிகாரம், பிணைப்பட்டவன் வேட்டைக்காரன் கைக்குத் தப்பும் வெளிமானைப்போலத் தன்னைத் தப்புவித்துக்கொள்ளச் சொல்கிறது. யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே பதில் சொல்லாதீர்கள். "வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" போதும். உதவ மனதிருந்தால், திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை இனாமாகவே கொடுத்துவிடுங்கள். வெற்றுத் தாளிலோ நிரப்பாத புரோநோட்டிலோ காசோலையிலோ யாருக்காகவும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்த கடன் வராமல் இருக்க

கடனைப் பாதி அடைத்த பிறகு ஒரு காய்ச்சல் வந்து எல்லாம் பழையபடி ஆகும். அதனால் கடன் கட்டும்போதே ஒரு சின்னக் கையிருப்பைச் சேருங்கள். முதலில் 5,000, அப்புறம் ஒரு மாதச் செலவு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். எந்த வருமானமானாலும், வங்கிக் கணக்கு இருந்தால் வருஷம் 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடும், தலா 2 லட்சத்துக்கு, மத்திய அரசுத் திட்டங்களில் உண்டு. அந்த விதவையின் கதையை வாசித்தவர்கள் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

அவசரத்துக்குக் கைமாற்றே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சேமித்த பணத்தைத் தங்களுக்குள் சுழற்றும் மகளிர் குழுவில் முன்பே சேர்ந்திருப்பது நல்லது. மதுரையில் தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியக் குழுக்கள் இதற்கு நம் ஊர் சாட்சி. அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்துக் கூலிப் பெண் சின்னப்பிள்ளை அவற்றில் ஒன்றிலிருந்து எழுந்து வந்தவர்தான். 2001-ல் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. குழுவில் சேரும்போது, சேமிப்பு முதலில், கடன் பிறகு என்று நடக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேரைச் சேர்த்துக் கடனை மட்டும் தலையில் கட்டிவிட்டுப் போகும் கூட்டம் வேறு.

கழுத்துவரை வந்துவிட்டால்

மிரட்டுகிறார்கள், வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள், போனில் இருக்கும் எல்லா எண்ணுக்கும் படம் அனுப்புவோம் என்கிறார்கள். இந்த நிலையில் தனியாக யோசிக்கவே வேண்டாம். அன்றைக்கே ஆயரிடமோ சபையில் நம்பும் ஒருவரிடமோ வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003-ம் வருஷத்துத் தமிழ்நாடு மிகை வட்டித் தடைச் சட்டத்துக்குள் வருகின்றன. மூன்று வருஷம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மைக்ரோ பைனான்ஸ் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். ஆப் மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள், மனு கொடுக்கலாம்.

போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். தண்டல் அட்டை, பணம் அனுப்பிய ரசீதுகள், மிரட்டல் வந்த போன் எண்கள், வந்த தேதிகள் எல்லாம் கையில் இருக்கட்டும். காலை ஒன்பதரைக்கே போனால் வரிசை குறைவு. கூட வர ஆள் இல்லை என்றால் எங்கள் சங்கத்தில் யாரையாவது கேளுங்கள். போன மாதம் நானும் இன்னொரு அக்காவும் அப்படித்தான் ஒரு பெண்ணோடு போய், மதியம் வரைக்கும் கூடவே உட்கார்ந்திருந்தோம்.